வில்நாணும் பூச்சாடியும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த தெருக்களில், வீட்டு விறாந்தைகளிலும் அலுவலக வாயில்களிலும் ஒரு செடியைக் காணலாம். வாள்போல் நிமிர்ந்த தடித்த இலைகள். அவற்றின் குறுக்கே பாம்பின் தோலை நினைவூட்டும் கரும்பச்சை வரிகள். சிலவற்றில் இலையின் இரு ஓரங்களிலும் பொன்னிறக் கரை. பாம்புச் செடி என்பார் சிலர்; மாமியார் நாக்கு என்று நகைப்பார் சிலர். நீர் ஊற்ற மறந்தாலும் வாடாது. நிழலில் வைத்தாலும் சோராது. ஆதலின் ஓய்வில்லாத இல்லத்தாருக்கு ஏற்ற செடி என்று பெயர் பெற்றுவிட்டது.

பணம் கொடுத்து வாங்கிய அழகுப் பொருளாகவும், பிற நாட்டுப் புதுமையாகவும் பலர் இதனைக் கருதுகின்றனர். அது பாதி உண்மையே. சாடியில் நிற்கும் செடி பெரும்பாலும் ஆபிரிக்கக் காட்டிலிருந்து வந்தது. ஆயின், அதன் உடன்பிறப்பு ஒன்று இலங்கையின் உலர் வலயத்துப் புதர்க்காடுகளில் எவரும் நடாமலே வளர்ந்து வருகிறது. அதற்குத் தமிழில் மருள் என்று பெயர். பழைய இலக்கியப் பெயர் மரல். வில்லுக்கு நாண் தந்த செடி அது. பூச்சாடிச் செடியைப் போற்றுகின்ற பலர் இந்தப் புதர்ச் செடியைப் பெயர் சொல்லவும் அறியார். இந்த நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முதலில் செடியின் இயல்பைக் காண்போம். மருள் தண்டின்றித் தரையிலிருந்து நேரே இலை விடுவது. நிலத்தின் கீழே கிழங்குபோல் தடித்த வேர்த்தண்டு பக்கவாட்டில் ஓடி, இடையிடையே புதிய இலைக்கொத்துகளை எழுப்பும். இலை உட்புறம் வாய்க்கால்போல் குழிந்து, புறம் உருண்டு, நுனி கூர்ந்திருக்கும். மங்கிய வெண்ணிறப் பூக்கள் நீண்ட காம்பில் பூக்கும். இலையை ஒடித்தால் நீர் நிறைந்த சதையும், அதனூடே வெண்மையான நீண்ட நார்களும் புலப்படும். சதை செடிக்கு நீர்த்தொட்டி. நார் அத்தொட்டியைத் தாங்கும் தூண். அந்தத் தூணைத்தான் மனிதன் கண்டுகொண்டான்.

சங்கப் புலவர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். மழை பொய்த்த காட்டில் புல்லும் தழையும் கருகிப்போக, மரையா மரலைக் கவர்ந்து உண்ணும் காட்சியைக் கலித்தொகை காட்டுகிறது. நீரற்ற காலத்தில் நீரைத் தன்னுள் வைத்திருப்பது மரல் ஒன்றே என்பதை விலங்கும் அறிந்திருந்தது. விலங்கைக் கண்ட புலவனும் அறிந்திருந்தான். புறநானூற்றின் 264ஆம் பாட்டில் மரல் வேறொரு பணி செய்கிறது. உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடிய அப்பாட்டு, போரில் மாண்ட தலைவன் ஒருவனுக்கு நட்ட கல்லைப் பற்றியது. மரலைக் கீறி எடுத்த நாரில் சிவந்த பூக்களைத் தொடுத்து, அந்தக் கண்ணியையே நடுகல்லுக்குச் சூட்டுகின்றனர். வீரன் உயிரோடிருந்த நாளில் அவன் வில்லை இறுக்கியிருக்கக்கூடிய நார், அவன் மறைந்தபின் அவன் கல்லில் மாலையாயிற்று. செடி ஒன்றுக்கு இதனினும் பெருமை வேறு வேண்டுமோ?

வடமொழி நூல்களும் நாண் தரும் செடி ஒன்றைப் போற்றுகின்றன. மூர்வை என்பது அதன் பெயர். மூர்வையால் ஆகியது மௌர்வி. அச்சொல்லே வில்நாணுக்கும் வழங்கலாயிற்று. அரச குலத்துச் சிறுவன் கல்வி தொடங்குங்கால் அணியும் அரைஞாண் மூர்வை நாரால் ஆகிய வில்நாணாக இருத்தல் வேண்டும் என்பது மனுநூல் விதி. மூர்வை என்பது எந்தச் செடி என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு; கொடிகள் சிலவற்றையும் அப்பெயரால் குறிப்பர். எனினும் மருளையே மூர்வை எனக் கொண்டோர் பலர். ஆங்கிலேயர் இச்செடிக்கு வில்நாண் சணல் என்னும் பொருளுடைய பெயரை இட்டதும் இதன் நார் நாணாகிய காரணம் பற்றியே.

இலங்கையில் சிங்கள மக்கள் இதனை நியந்த என்பர். கண்டிக்கு அண்மையிலுள்ள தும்பறைப் பகுதியில் நெய்யப்படும் பாய்கள் பெயர்பெற்றவை. விலங்கும் பறவையும் கொடியும் கோலமும் கொண்ட அப்பாய்களுக்குப் பழங்காலத்தில் நார் தந்தது நியந்தவே. கலைப் பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட தமது சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இந்நெசவாளரின் தொழிலைப் பதிவு செய்தார். பிற்காலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த ஆனைக்கற்றாழை இனங்களின் நார் அவ்விடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது. இலை பெரிது, நார் மிகுதி, வேலை எளிது. தொழிலாளர் புதியதை நாடியதில் வியப்பில்லை. ஆனால், செடியின் பயன் மறைந்ததும் அதன் பெயரும் மெல்ல மறையத் தொடங்கியது.

இனி மேனாட்டார் இச்செடியை அறிந்த வரலாற்றைக் காண்போம். 1670களில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக இலங்கையில் பணியாற்றியவர் போல் ஏர்மன் என்பவர். அவர் இத்தீவின் செடிகொடிகளைத் திரட்டி, உலர்த்தி, தாளில் ஒட்டிப் பாதுகாத்தார். ஐரோப்பா திரும்பி லெய்டன் பல்கலைக்கழகத்துத் தாவரத் தோட்டத்தின் தலைவரானார். அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னர், அத்தொகுப்பு சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசின் கைக்கு ஆராய்ச்சிக்காக வந்தது. இலங்கையைக் கண்ணாற் காணாத லின்னேயசு, அந்த உலர்ந்த இலைகளைக் கொண்டே 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். ஏர்மனின் தொகுப்பு இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளது.

1753இல் லின்னேயசு உலகத்துச் செடிகளை எல்லாம் வரிசைப்படுத்தியபோது, மருளைக் கற்றாழையின் ஒரு வகை எனக் கருதி, இலங்கைக்குரியது என்னும் பொருள்பட ‘சைலானிக்கா’ என்னும் அடைமொழி தந்தார். 1799இல் செருமானிய அறிஞர் வில்டனோ அதனைக் கற்றாழையினின்று பிரித்து, இத்தாலியப் பிரபு ஒருவரின் குடிப்பெயரையொட்டி அமைந்த ‘சான்சிவீரியா’ என்னும் பேரினத்தில் சேர்த்தார். இவ்வாறு சான்சிவீரியா சைலானிக்கா என்னும் பெயர் நிலைபெற்றது. அண்மைக் காலத்தில் மரபணு ஆராய்ச்சியின் பயனாக இவ்வினம் முழுவதும் டிரசீனா என்னும் பேரினத்துள் அடக்கப்பட்டு, 2018இல் மருளும் டிரசீனா சைலானிக்கா ஆயிற்று. குடிப்பெயர் இருமுறை மாறியது. ஊர்ப்பெயர் ஒருமுறையும் மாறவில்லை. 270 ஆண்டுகளாக இச்செடி உலகின் ஏடுகளில் எல்லாம் இலங்கையின் பெயரைச் சுமந்து நிற்கிறது.

பெயரிட்டவர்கள் அறிஞர், செடியைப் பயன்படுத்த விரும்பியவர்கள் கப்பலோட்டிகள். பாய்மரக் கப்பல் என்பது மரத்தால் ஆகியது என்பர். உண்மையில் அது பாதி மரம், பாதி கயிறு. நெல்சன் தளபதியின் ‘விக்டரி’ என்னும் போர்க்கப்பலின் பாய்மரங்களைத் தாங்கவும் பாய்களை இயக்கவும் ஏறத்தாழ 26 மைல் நீளமான கயிறு வேண்டியிருந்தது. உப்பு நீரும் வெயிலும் கயிற்றைத் தின்னும். புயலும் பீரங்கியும் அதை அறுக்கும். ஆதலின் கயிறு இல்லாத துறைமுகம் கப்பலுக்குப் பயனற்ற துறைமுகமே.

திருகோணமலையின் இயற்கைத் துறைமுகத்தை நாடி வல்லரசுகள் போட்டியிட்டதை வரலாறு கூறும். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே இத்துறை இருமுறை கைமாறியது. சனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைப்பற்றினர். ஓகத்தில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அவர்களிடமிருந்து பறித்தார். செத்தெம்பர் 3ஆம் நாள் துறைக்கு வெளியே நடந்த கடற்போரில் சஃப்ரனின் தலைமைக் கப்பலே தன் பெரிய பாய்மரத்தை இழந்தது. அவ்வாறு சிதைந்து வந்த கப்பல்களுக்கு மரமும் கயிறும் எங்கிருந்து வரும்? ஐரோப்பாவிலிருந்து வரவேண்டுமானால் மாதங்கள் பல ஆகும். 1795இல் பிரித்தானியர் மீண்டும் திருகோணமலையைக் கைக்கொண்டு 1957 வரை தம் கடற்படைத் தளமாக வைத்திருந்தனர். அவர்களது கப்பல்களுக்கு வேண்டிய சணல் நாரின் பெரும்பகுதி உருசிய நாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தது. பகைவன் வழியை அடைத்தால் கடற்படை முடங்கும் என்ற அச்சம் அவர்களுக்கு எப்போதும் இருந்தது.

இந்த அச்சத்தின் நடுவேதான் மருளின் மீது அவர்கள் கண் விழுந்தது. சென்னை மாகாணத்தில் பணியாற்றி, 1793 முதல் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தை நடத்திய உவில்லியம் இரொக்சுபரோ, சோழமண்டலக் கரையின் மருளை ஆராய்ந்து தமது படநூலில் வெளியிட்டார். அந்நாரின் வலிமையையும் சோதித்தார். 4 அடி நீளமான மருள் நார்க் கயிறு 120 இறாத்தல் பாரத்தைத் தாங்கியது. அதே அளவான உருசியச் சணற் கயிறு 105 இறாத்தலையே தாங்கியது. இரண்டையும் 116 நாள் நீரில் ஊறவைத்தபோது, சணல் முற்றும் உளுத்துப் போயிற்று. மருள் நார் அப்போதும் 30 இறாத்தலைத் தாங்கியது.

இத்தகைய நார் ஏன் உலகச் சந்தையை ஆளவில்லை? காரணம் இரொக்சுபரோவின் கணக்கிலேயே உள்ளது. ஓர் இறாத்தல் தூய நார் பெற 40 இறாத்தல் பச்சை இலை வேண்டும். செடியோ விரைந்து வளர்வதன்று. இலையைக் கல்லில் வைத்துச் சுரண்டி நாரெடுக்கும் வேலையும் எளிதன்று. வில் ஒன்றுக்கு நாண் திரிக்கவும், பாய் ஒன்று நெய்யவும் அது போதும். மைல் கணக்கில் கயிறு கேட்கும் கப்பற்படைக்குப் போதாது. சிறிய தேவைக்கு நிறைவாக உதவிய செடி, பெரிய தேவையின் முன் தோற்றது. அது செடியின் குறையன்று, அளவின் குறை.

எனினும் போர் வந்தபோதெல்லாம் மருளின் நினைவும் வந்தது. 1854இல் பிரித்தானியாவுக்கும் உருசியாவுக்கும் கிரிமியாப் போர் மூண்டபோது உருசியச் சணலின் வரவு கேள்விக்குறியாயிற்று. அடுத்த ஆண்டிலேயே போர்பசு உரோயில் என்பவர் இந்தியாவின் நார்ச்செடிகள் பற்றி ஒரு பெருநூலை வெளியிட்டார். மருளுக்கு அதில் சிறப்பான இடம் உண்டு. 1887இல் இலண்டன் கியூ தாவரத் தோட்டம் தன் செய்தி இதழைத் தொடங்கிய ஆண்டிலேயே வில்நாண் சணல் பற்றி எழுதியது. இந்த ஆர்வம் போர் முடியத் தணியும். மீண்டும் போர் வர எழும்.

அவ்வரிசையில் இறுதியானது 1942ஆம் ஆண்டு. ஏப்பிரல் 9ஆம் நாள் காலையில் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தன. அங்கிருந்து விலகிச் சென்றிருந்த ‘ஏர்மிசு’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் அன்றே மூழ்கியது. அதே ஏப்பிரல் 9ஆம் நாள், பிலிப்பைன்சுத் தீவுகளில் பட்டான் குடாநாட்டைக் காத்து நின்ற அமெரிக்க, பிலிப்பினோப் படைகள் யப்பானியரிடம் சரணடைந்தன. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் கயிற்றினால் ஒரு தொடர்பு உண்டு. அக்காலத்துக் கப்பற் கயிறுகளில் தலைசிறந்தது மணிலாக் கயிறு. வாழை இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் நாரால் ஆகியது. பிலிப்பைன்சே அதன் தாயகம். அத்தீவுகள் வீழ்ந்ததும் நேச நாட்டுக் கடற்படைகளுக்கு அக்கயிற்றின் ஊற்றுக்கண் அடைபட்டது. அமெரிக்க வேளாண்மைத் துறையினர் மாற்று நார் தேடிப் புளோரிடாவில் சான்சிவீரியா இனங்களைப் பயிரிட்டு ஆராயத் தொடங்கினர். புதிய கலப்பினங்களும் உருவாயின. ஆனால் போர் முடிந்தது; நைலோன் வந்தது. தொழிற்சாலையில் பிறந்த கயிறு, வயலில் பிறக்கவிருந்த கயிற்றை வென்றது. நாணாகவும் பாயாகவும் கயிறாகவும் மனிதனுக்கு உதவ முன்வந்த செடிக்கு இனிச் செய்வதற்கு ஒரு வேலைதான் எஞ்சியிருந்தது: வீட்டின் மூலையில் அழகாக நிற்பது.

அந்த வேலைக்கு வந்தது இலங்கை மருளன்று. அதன் ஆபிரிக்க உறவு. மேற்கு ஆபிரிக்காவின் வெப்பக் காடுகளைச் சேர்ந்த அகன்ற, தட்டையான இலையுடைய செடி அது. அதன் பெயர் வரலாறும் விந்தையானது. ஆபிரிக்காவில் பிறந்த அச்செடிக்கு இன்று வழங்கும் இனப்பெயரை இட்டவர் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவர் தேவிட்டு பிரெயின். இட்ட நூல் வங்காளத்துச் செடிகள் பற்றி அவர் 1903இல் வெளியிட்ட நூல். அதற்கு முன்னரே அச்செடி தோட்டந்தோறும் பரவிவிட்டது. மாதக்கணக்கில் நீரின்றிக் கப்பல் தளத்தில் கிடந்தாலும் சாகாத வேர்த்தண்டு உடையதாதலின், கடல் கடத்தல் அதற்கு எளிதாயிற்று. பொன்னிறக் கரையுடைய வகையை 1904ஆம் ஆண்டளவில் பெல்சிய நாட்டு அறிஞர் இலாரன் கொங்கோவில் கண்டார். குறுகி வளர்ந்து பறவைக்கூடுபோல் விரியும் வகை 1939இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சு நகரில் தோன்றியது.

வணிகர் இவற்றையெல்லாம் விற்றபோது பெயர்க் குழப்பமும் உடன் விற்கப்பட்டது. ஆபிரிக்கச் செடிகள் பலவற்றுக்கும் சோழமண்டலக் கரையின் மருளுக்கும் ‘சைலானிக்கா’ என்னும் இலங்கைப் பெயரே நீண்டகாலம் ஒட்டப்பட்டு வந்தது. சோழமண்டல மருள் தனி இனம் என்று 1829இல் பிரிக்கப்பட்டு இரொக்சுபரோவின் பெயரைப் பெற்றது. 1915இல் கியூத் தோட்டத்து அறிஞர் பிரௌண் இவ்வினங்கள் அனைத்தையும் ஒப்பிட்டு வகுத்துக் குழப்பத்தை நீக்க முயன்றார். எனினும் கடைகளில் அக்குழப்பம் இன்றும் முற்றாகத் தீரவில்லை. இலங்கையின் பெயரை இரவல் வாங்கிய செடி சாடியில் வீற்றிருக்க, அப்பெயருக்கு உரிய செடி புதரில் பெயரின்றி நிற்கிறது. வரலாற்றில் இத்தகைய முரண்கள் மனிதருக்கும் நேர்ந்துள்ளன அன்றோ?

இனி, இச்செடியை வளர்க்கும் முறை. அதன் வரலாற்றை அறிந்தவர்க்கு வளர்ப்பு முறை தானே விளங்கும். வறண்ட நிலத்துச் செடி நீரைச் சேமிக்கப் பழகியது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உட்கொள்ளும். அப்போது நீரும் ஆவியாய் வெளியேறும். மருள் இனமோ இரவின் குளிரில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அதனைப் புளிப்புப் பொருளாக மாற்றிச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு, வெயிலின் துணையால் உணவாக்குகிறது. இவ்வியல்பு பற்றிய முதற் குறிப்புகளுள் ஒன்று தென்னிந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஐன் என்பவருடையது. அவர் ரணகள்ளி இலையைக் காலையில் சுவைத்தபோது புளித்தது, நண்பகலில் சுவையற்றிருந்தது. 1815இல் அச்சேறிய அவரது குறிப்பு, பிற்காலத்துப் பேராராய்ச்சிக்கு வித்தாயிற்று.

ஆகவே இச்செடிக்குப் பகை வறட்சியன்று, நீரே. நீர் மிகுந்தால் வேர்த்தண்டு அழுகி, இலை அடியில் மென்மையாகிச் சாயும். வாடியதென்று எண்ணி மேலும் நீர் ஊற்றுவோர் அதனைக் கொன்றே விடுவர். விரலை மண்ணில் இரண்டு அங்குலம் செலுத்திப் பார்த்து, அங்கும் ஈரமில்லையெனில் மட்டுமே நீர் விடுதல் வேண்டும். கச்சான் காற்று வீசும் கோடையில் இரு வாரத்துக்கு ஒருமுறை போதும். திருகோணமலையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி வாடைக்காற்றோடு ஐப்பசி முதல் தை வரை பெய்துவிடும். அம்மாதங்களில் சாடியைக் கூரையின் கீழ் ஒதுக்கிவிட்டு, நீர் விடுவதை ஏறத்தாழ நிறுத்திவிடலாம். இலைக்கொத்தின் நடுக்குழியில் நீர் தங்க விடலாகாது.

சாடி மண்ணால் ஆனதாயின் நன்று; அடியில் துளை கட்டாயம் வேண்டும். துளையின் மேல் உடைந்த ஓட்டுத்துண்டுகளைப் பரப்பி, செம்மண், மணல், மட்கிய எரு மூன்றையும் சம பங்கு கலந்து நிரப்புக. துறைமுக ஊரில் கைக்கு எளிதில் கிடைப்பது கடல் மணல். அதில் உப்பு உண்டு. ஆற்று மணலே தக்கது. கடல் மணலைத்தான் பயன்படுத்த வேண்டுமாயின் நன்னீரில் பலமுறை கழுவி எடுத்தல் வேண்டும். நிழலில் இச்செடி உயிர் வாழும், ஒளியில் வளரும். நேர்வெயில் படாத வெளிச்சமான விறாந்தை அதற்கு ஏற்றது. பல நாள் இருளில் நின்ற செடியைத் திடீரென வெயிலில் வைத்தால் இலை வெந்து வெளிறும். சிறிது சிறிதாகவே பழக்குக. இலையில் படியும் தூசியை ஈரத் துணியால் துடைத்தல் நன்று.

பெருக்கும் முறை இரண்டு. வேர்த்தண்டை இலைக்கொத்தோடு பிரித்து நடுவது ஒன்று. இலையை நான்கு அங்குலத் துண்டுகளாக வெட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் காயவைத்து, அடிப்பக்கம் கீழாக மணலில் ஊன்றுவது மற்றொன்று. தலைகீழாக நட்டால் வேர் விடாது. பொன்னிறக் கரையுள்ள வகையை இலைத்துண்டால் பெருக்கினால் பிள்ளைச்செடியில் பொற்கரை இராது. வெறும் பச்சையே வரும். கரையின் திசுவும் நடுவின் திசுவும் வேறு வேறு மரபுடையவை. புதிய முளை உள்ளிருக்கும் பச்சைத் திசுவிலிருந்தே எழுகிறது. அழகு நிலைக்க வேண்டின் வேர்த்தண்டைப் பிரிப்பதே வழி.

எச்சரிக்கைகள் சில. சாடியின் கீழ் வைக்கும் தட்டில் தேங்கும் நீர் நுளம்புக்குத் தொட்டிலாகும். 2017இல் இலங்கையில் 1,80,000க்கும் மேற்பட்டோரை டெங்குக் காய்ச்சல் பற்றியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் கிண்ணியாவும் திருகோணமலை மாவட்டமும் கொடிய துன்பத்துக்கு உள்ளாயின. தட்டை அகற்றுவதோ, நாள்தோறும் கவிழ்ப்பதோ சிறு வேலை. அதன் பயன் ஓர் உயிராகவும் இருக்கலாம். இலையில் நுரைக்கும் நச்சுப்பொருள் இருத்தலின், நாயும் பூனையும் மெல்லாதபடி உயரத்தில் வைத்தல் வேண்டும்.

இச்செடி வீட்டுக் காற்றைத் தூய்மையாக்கும் என்று பலர் சொல்லக் கேட்கலாம். அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார் 1989இல் மூடிய சிறு கூண்டுகளில் நடத்திய சோதனையே அக்கூற்றின் அடிப்படை. காற்று வந்து போகும் வீட்டுக்கு அச்சோதனை பொருந்தாது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, சாளரத்தின் வழி இயல்பாகப் புகும் காற்று செய்யும் பணியைச் செடிகள் செய்ய வேண்டுமானால், தரையின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் குறைந்தது பத்துச் சாடிகள் வேண்டும் என்று கணித்தது. கடற்காற்று உலவும் ஊரில் சாளரத்தைத் திறந்து வைப்பதே சிறந்த மருந்து. செடியை அதன் அழகுக்காகவும் பொறுமைக்காகவும் வளர்த்தால் போதும். இல்லாத பெருமையை அதற்கு ஏற்ற வேண்டுவதில்லை. இருக்கும் பெருமையே மிகப் பெரிது.

அந்தப் பெருமைக்குத்தான் இன்று இடையூறு நேர்ந்துள்ளது. ஒரு செடி அழிவதற்கு இருவழி உண்டு. நிலத்திலிருந்து அழிவது ஒன்று. நினைவிலிருந்து அழிவது மற்றொன்று. புதர்க்காடு வெளியாக்கப்படும்போது யானை போன்ற பெருவிலங்கு இடம்பெயர்ந்தால் ஊரே அறியும். மருள் அழிந்தால் எவர் அறிவார்? காணாமற்போன பொருளைத் தேடுவதற்கும் அதன் பெயர் தெரிந்திருக்க வேண்டுமே! பெயர் தெரியாத செடியைக் களை என்று வெட்டுவது எளிது. பெயர் தெரிந்த செடியை வெட்டும் கை சற்றே தயங்கும். அந்தத் தயக்கமே பாதுகாப்பின் தொடக்கம்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. பள்ளித் தோட்டங்களிலும் வீட்டு விறாந்தைகளிலும் ஆபிரிக்கச் செடியின் அருகே இலங்கை மருளுக்கும் ஒரு சாடி ஒதுக்கலாம். காட்டிலிருந்து பறித்து வர வேண்டுவதில்லை. ஏற்கெனவே தோட்டத்தில் வளர்க்கும் ஒருவரிடம் வேர்த்தண்டின் ஒரு துண்டு பெற்றால் இரண்டொரு ஆண்டில் சாடி நிறையும். முற்றிய இலை ஒன்றை எடுத்து, மழுங்கிய கத்தியால் சதையைச் சுரண்டி, வெளிப்படும் வெண்ணாரை முறுக்கிக் காட்டினால், புறநானூற்றுப் பாட்டு மாணவரின் கையிலேயே பொருள் விளங்கும். அந்நாரை இழுத்து அறுக்க முயலும் சிறுவனுக்கு, அவன் முன்னோர் வில்லில் எதைப் பூட்டினர் என்பதை வேறெவரும் விளக்க வேண்டியதில்லை.

கடல் வழியே வந்த விருந்தினரை வரவேற்பது துறைமுக நகரத்தின் இயல்பு. ஆபிரிக்காவின் செடியும் அவ்வாறு வந்த விருந்தே. அதனைப் போற்றுதல் தகும. ஆயின் விருந்தினர் வீற்றிருக்கும் விறாந்தையில் வீட்டுக்குரியவருக்கும் ஓர் இருக்கை வேண்டும். தண்ணீர் குறைவாக ஊற்றினாலும் இரு செடிகளும் பொறுத்துக்கொள்ளும். மறதியைப் பொறுக்கும் ஆற்றல் மட்டும் எந்தச் செடிக்கும் இல்லை.